முகவரி வரி இரண்டு

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
எங்கள் பார்சல் கம்பெனி.
பாண் வேகும் வாசனைக்குள் உட்கார்ந்து
நாலாயிரத்து அறுநூறு முகவரிகளைக்
கழுவித் தரச் சொன்னார் மெனேஜர்.
கழுவி என்பது அவருடைய சொல்.

நான் கழுவுவதில்லை.
கோப்பை ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.
கண்காணாத் தேசத்து இயந்திரமொன்று
ஒவ்வொரு வரியாய் மென்று
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று துப்புகிறது.

டிக்கோயா வீதி, இலக்கம் 48/2: பச்சை.
டிகோய ரோட் என்று யாராவது கிறுக்கியிருந்தாலும்
அதுவே எழுத்தைத் திருத்தி, காற்புள்ளி வைத்து,
இருபத்திரண்டாயிரம் என்று தபால் எண்ணும் சேர்த்து
தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி
திருப்பி அனுப்பிவிடும்.
பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

பகல் சோற்றுக்குப் பிறகு
கிளென்மோரா வந்தது.
நாங்கள் கவ்வாத்துமலை என்போம்,
அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாரும் பச்சை.

நம்ப முடியாமல் திறந்து பார்த்தேன்.
மேற்கணக்கு, பணிய லயம், எட்டுக் காம்பிரா,
கோயிலடி, பீலிக்கு மேல்
எல்லாவற்றையும் தேவையற்ற சொற்கள் என்று உதிர்த்துவிட்டு
இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும்
ஒரே வீட்டில் குடிவைத்திருந்தது:
தோட்ட அதிகாரி, கிளென்மோரா குரூப்.
ஊசி குத்தி நின்ற இடம்
துரை பங்களாவின் டென்னிஸ் கோர்ட்.

எஸ். ஜெயசீலி நாலு பேர்.
ஒருத்தியே நாலு தரம் வந்திருப்பதாக நினைத்து
மூன்றை அழிக்கட்டுமா என்று
மரியாதையாகக் கேட்டது.
ஒருத்தி என் சின்னம்மா.
ஒருத்திக்கு ஒரு கண் தெரியாது.
ஒருத்தி போன மாதம்தான் கட்டாரிலிருந்து வந்தாள்.
மற்றவளை எனக்குத் தெரியாது,
ஆனாலும் அழிக்கவில்லை.

இந்தப் பச்சை எனக்குப் புதிதில்லை.
உயர்தரம் முடித்த வருஷம்
நேர்முகத் தேர்வுக் கடிதமொன்று
சரியான முகவரிக்கு, சரியான நாளில் வந்து
கிளாக்கரின் லாச்சிக்குள்
பதினொரு நாள் இருந்தது.
தபால்காரர்மேல் பிழையில்லை.
கிளாக்கரும் நல்ல மனுசன், அந்த வாரம் மகளுக்குக் கல்யாணம்.
கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.
எனக்குத்தான் வரவில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்தது.
என் முகவரியைத் தட்டிப் பார்த்தேன்.
கதவிலக்கம் தேவை என்றது.
லயத்தில் ஏது இலக்கம்?
தொங்கல் காம்பிரா என்றால் நாய்க்கும் தெரியும்.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
இரண்டு வருஷத்துக்கு முந்தி
மண்சரிவு பார்க்க வந்தவர்கள்
சுவர் வெடிப்பை அடிமட்டத்தால் அளந்து
சிவப்புப் பெயின்டில்
கதவோரம் எழுதிப் போனார்கள்: 17.
பெருமழை விழுந்தால்
விட்டு ஓட வேண்டிய வீடுகளின் கணக்கு அது.
அம்மா இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும்
உள்ளிருந்து ஊறி வருகிறது.

17 என்று போட்டேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
மஞ்சள். பகுதி பொருத்தம்.

பச்சையைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாபகத்தில் இருந்த மட்டும்
வீடு வீடாகச் சிவப்பு எண்களைப் போட ஆரம்பித்தேன்.
9, ஜெயசீலி.
11, ஜெயசீலி, கண் தெரியாதவள்.
அந்த நாலாவது ஜெயசீலிக்கு எண் தெரியவில்லை.
ஒருவேளை அவள் சுவர் வெடிக்காத சுவராக இருக்கலாம்.

றிஸ்வான் ஹெல்மெட்டின் மழையை உதறிக்கொண்டே வந்து
திரையை எட்டிப் பார்த்தான்.
"இந்த நம்பரெல்லாம் எப்ப குடுத்தாங்க?"
"வீட்ட விட்டுப் போகச் சொன்னப்ப."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பாடசாலைச் சப்பாத்துப் பெட்டியொன்றைத் தூக்கி
அச்சடித்து ஒட்டிய முகவரிக்குக் கீழே
பேனையால் 23 என்று எழுதினான்.
"மேலயா, பணியவா?"
"பணிய. பீலி தாண்டு.
சுவரப் பாத்துக்கிட்டே போ."